நொடித்த கூடைப்பந்துக் கிளப்பும் ஊர்ப் பணமும்

காரைக்குடியில் மாலை நேரங்களில் நான் வணிகவியல் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களில் இருவர் கூடைப்பந்து ஆடுகிறவர்கள். பள்ளி மைதானத்தில் ஆடிவிட்டு, வியர்வை காயாத சட்டையோடு நேராக வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். சில வாரங்களுக்கு முன்பு, ஐந்தொகை (சொத்து ஒரு பக்கமும் கடன் மறுபக்கமுமாக எழுதும் கணக்கு) எழுதிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவன் கேட்டான்: "சார், ஒரு டீம் கடன்ல முங்கிப் போச்சுன்னா ரசிகர்களே காசு போட்டுக் காப்பாத்த முடியுமா? அப்படிப் போட்டா போட்டவங்களுக்கு என்ன கிடைக்கும்?" அவன் பின்னால் கேட்ட கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, கொடுத்தவர் அதன்பின் கிளப்புக்கு என்ன உறவு ஆகிறார் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அன்று வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் தொழில்முறைக் கிளப் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். (கிளப் என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இட்லியும் காப்பியும் கிடைக்கும் கடைதான் நினைவுக்கு வரும், இது அதுவன்று.) தமிழ்நாட்டில் கூடைப்பந்தை நெடுங்காலம் தாங்கி நின்றவை நிறுவன அணிகள். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் அணி. கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய அந்த வங்கி, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய 3 இடங்களில் கதவு திறந்தது. அத்தகைய அணியில் ஆடுபவர் வங்கியின் ஊழியர். ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். தொழில்முறைக் கிளப்பின் நிலை வேறு. அது தானே ஒரு வணிகம். ஆட்டத்தை விற்று வரும் பணத்தில்தான் ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும்.

அந்த வணிகத்தில் வரவு வரும் வழிகள் சிலவே: நுழைவுச்சீட்டு, ஸ்பான்சர்கள், ஒளிபரப்பு உரிமையில் லீக் (கிளப்புகளைச் சேர்த்துப் போட்டித் தொடரை நடத்தும் அமைப்பு) பிரித்துத் தரும் பங்கு, சட்டை தொப்பி விற்பனை. பற்றுப் பக்கமோ ஓயாமல் நீள்கிறது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், உடற்பயிற்சி மருத்துவர் ஆகியோரின் ஊதியம், வெளியூர்ப் பயணம், தங்குமிடம், உள்ளரங்கின் வாடகை, காப்பீடு, லீக்குக்குக் கட்ட வேண்டிய உரிமத் தொகை என்று அது போகும். கால்பந்தில் பல பத்தாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கு உண்டு. கூடைப்பந்தில் மூடிய அரங்குக்குள் சில ஆயிரம் பேர்தான் உட்கார முடியும் என்பதால், எல்லா இருக்கையும் நிரம்பினாலும் சீட்டு வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே சிறிய ஊர்களின் கிளப்புகள் பெரும்பாலும் ஸ்பான்சரையே நம்பி நிற்கின்றன. சில சமயம் கிளப் நன்றாக இருந்தும் லீக்கே நின்றுவிடும். இந்தியாவில் 2015இல் தொடங்கிய யூபிஏ என்ற கூடைப்பந்து லீக் 2017உடன் முடிந்தபோது, அதில் ஆடிய சென்னை ஸ்லாம் முதலிய அணிகளுக்கு ஆடக் களம் இல்லாமல் போனது.

கிளப் நொடிக்கும்போது இரண்டு பள்ளங்கள் இருக்கும். அவற்றைத் தனித்தனியே பார்க்கத் தெரியாதவர்கள்தான் நிதி திரட்டிவிட்டு ஏமாந்து நிற்கிறார்கள். ஒன்று, இதுவரை சேர்ந்துவிட்ட கடன். மற்றொன்று, ஆண்டுதோறும் விழுந்துகொண்டிருக்கும் துண்டு. என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்ட கற்பனைக் கணக்கையே இங்கே தருகிறேன். ஒரு கிளப்புக்கு 60 லட்சம் ரூபாய் கடன்: ஆட்டக்காரருக்குச் சம்பள பாக்கி 28 லட்சம், அரங்க வாடகை 12 லட்சம், பயணத்துக்கும் விடுதிக்கும் 9 லட்சம், பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்ட வரி 11 லட்சம். ஆண்டுச் செலவு 1 கோடியே 40 லட்சம். வரவு 1 கோடியே 5 லட்சம். ஊர் திரண்டு 60 லட்சம் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெடி வெடித்து, மாலை போட்டு, படமும் எடுத்தாயிற்று. சரியாக ஓராண்டில் அதே கிளப் 35 லட்சம் கடனோடு அதே ஊரிடம் வந்து நிற்கும். முதல் முறை கொடுத்தவர்களில் பாதிப்பேராவது இரண்டாம் முறை கதவைத் திறக்க மாட்டார்கள்.

அந்த 35 லட்சத்தை அடைப்பதற்கு வழி தேடுவதுதான் உண்மையான வேலை. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் குறைத்தால் 12 லட்சம் மிச்சமாகும். பருவம் முழுவதற்குமான சீட்டை 2,500 ரூபாய் வீதம் கூடுதலாக 600 பேருக்கு விற்றால் 15 லட்சம் வரும். எஞ்சியது 8 லட்சம். 800 குடும்பங்கள் ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருவதாக ஏற்றுக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும். இந்த எண்களைப் போட்டுப் பார்த்த பிறகே 60 லட்சத்துக்கு உண்டியலைத் தூக்க வேண்டும்.

இனி, கொடுப்பவர் என்ன ஆகிறார் என்ற கேள்விக்கு வருவோம். ஊர்ப் பணம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே சரக்கு அன்று. திரும்ப எதையும் எதிர்பாராமல் கொடுத்தால் அது நன்கொடை. அடுத்த பருவத்தின் சீட்டையோ சட்டையையோ இப்போதே காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் அது முன்விற்பனை. கிளப்புக்கு இன்று பணம் வருகிறது, ஆனால் நாளைய வரவு இன்றே செலவாகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் கடன். கிளப்பிலேயே ஒரு பாத்தியதை கிடைக்குமானால் அது உடைமை.

இந்த வேறுபாடு செட்டிநாட்டாருக்குப் புதிதன்று. எங்களுக்கு வடக்கே கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பலரும் அறிவார்கள். இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறி, மேசையில் நோட்டுப் போட்டு எழுதி வாங்கும் அந்தப் பணம் அன்பளிப்புப் போலத் தோன்றினாலும் திருப்பிச் செய்தே தீர வேண்டிய கடன். அதை மறந்தவரை ஊர் மறக்காது. மகமை வேறு வகை. கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு முறையும் கோயிலுக்கோ தருமத்துக்கோ ஒதுக்கி வைப்பது அது; ஒருநாள் பெருந்தொகையாக வராமல், தொழில் நடக்கும்வரை ஊறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வகை, புள்ளி வரி. நகரத்தாரிடையே மணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்கு வரி போடும்போது புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். வசதி உள்ளவர் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்; ஆனால் புள்ளிக் கணக்கில் அவரும் ஒன்றுதான், பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றுதான். வரி கட்டியவருக்கு அந்தக் கோயிலில் உரிமையும் உண்டு, கணக்குக் கேட்கும் வாயும் உண்டு.

கூடைப்பந்துக் கிளப்பைக் காப்பாற்றுகிறவர்கள் மொய் மனநிலையில் வாங்கிவிட்டு நன்கொடை மனநிலையில் செலவிடுவதுதான் பெரும்பாலான மனத்தாங்கல்களுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். துண்டை அடைக்கத் தேவைப்படுவது மகமை. ஊருக்குப் பிடிப்பு உண்டாகத் தேவைப்படுவது புள்ளி வரி.

உண்மையில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு ஆஸ்திரேலியா நல்ல எடுத்துக்காட்டு. சிட்னிக்குத் தெற்கே நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர் வுல்லன்காங். அதன் ஹாக்ஸ் கிளப், அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்து லீக் 1979இல் தொடங்கியபோதே உடன் பிறந்தது. 2001இல் பட்டமும் வென்றது. 2009இல் லீக் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டபோது, தொடர்ந்து ஆட விரும்பும் கிளப்புகள் நிதி வலிமையைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஹாக்ஸுக்குத் தேவைப்பட்டது 10 லட்சம் டாலருக்கு ஒரு வங்கி உத்தரவாதம். அணியின் தலைவர் மேட் கேம்பெல் முன்னின்று "ஹாக்ஸைக் காப்பாற்றுவோம்" என்று ஊரைத் திரட்டினார். கடைக்காரர்களும் ரசிகர்களும் தொகை எழுதிக் கொடுத்தார்கள். இறுதியில் அந்த உத்தரவாதத்துக்குப் பொறுப்பேற்றது, அப்பகுதியில் சுரங்கம் நடத்திவந்த குஜராத் என்.ஆர்.இ. என்ற இந்திய நிறுவனம்.

வங்கி உத்தரவாதம் என்பது நம் வழக்கில் ஜாமீன். அந்தப் பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. கிளப் தன் கடமையிலிருந்து தவறினால் வங்கி அந்தத் தொகையை லீக்குக்குக் கட்டும், பிறகு ஜாமீன் நின்றவரிடம் வசூலித்துக்கொள்ளும். ஆகவே ஒரே கிளப்புக்கு இரண்டு விதமான ஆதரவு தேவைப்பட்டது. ஒருவர் தோள் கொடுத்து ஜாமீன் நிற்க வேண்டும். ஆயிரம் பேர் கைக்காசு கொடுத்து அன்றாடத்தை ஓட்ட வேண்டும். ஊர் திரண்டிருக்காவிட்டால் பெரிய நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்குமா என்பது என் ஐயம். ஊர்க்காரர் தாமே கை வைக்காத காரியத்தில் வெளியார் தலை கொடுப்பது அரிது. ஊருடைமையாக மாறிய ஹாக்ஸ் அடுத்த பருவத்திலேயே, 2010இல், இறுதிச்சுற்றுக்குச் சென்று பெர்த் வைல்ட்கேட்ஸிடம் 2–1 என்று தோற்றது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் உள்ள கெய்ன்ஸ் நகரின் டைபான்ஸ் கிளப்புக்கு 2008–09 பருவத்தின் நடுவிலேயே மூச்சு முட்டியது. அது நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. இதையும் விளக்க வேண்டும். நம்மிடம் மஞ்சள் கடுதாசி கொடுத்தார் என்றால் கதை முடிந்தது என்று பொருள். ஆஸ்திரேலியாவில், நொடிக்கும் நிலையிலுள்ள நிறுவனம் தானே முன்வந்து நடுநிலையான ஒருவர் கையில் சாவியைக் கொடுக்கலாம். அவர் கணக்கைப் பார்த்து, கடன்காரர்களை, அதாவது கடன் கொடுத்தவர்களை, கூட்டி, எவ்வளவு தள்ளிக் கொடுத்தால் ஏற்பீர்கள் என்று பேசி, மூடுவதா நடத்துவதா என்று அவர்களையே தீர்மானிக்கச் செய்வார். ஊர்ப் பணத்துக்கு அதிக வலு கிடைக்கும் நேரம் அதுதான். கடன்காரர் ரூபாய்க்கு முழு ரூபாய் கேட்காத வேளையில், கையில் ரொக்கத்தோடு வருபவரின் சொல் எடுபடும். கெய்ன்ஸ் மக்களும் வணிகர்களும் கைகொடுத்ததால் டைபான்ஸ் அந்தப் பருவத்தைக் கடந்து ஊருடைமைக் கிளப்பாக எழுந்தது. 2011இல் இறுதிச்சுற்றில் நியூசிலாந்து பிரேக்கர்ஸுக்கு எதிராக ஆடியது.

உடைமை என்பதன் பொருளை முழுவதும் அறிய, கூடைப்பந்தை விட்டு ஒரு கணம் வெளியே போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கிரீன் பே, ஏறத்தாழ நம் காரைக்குடி அளவு மக்கள்தொகை கொண்ட ஊர். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடிக்கு 1 லட்சத்துச் சொச்சம், அந்த ஊருக்கும் அவ்வளவே. அதன் பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துக் கிளப் 1923 முதல் ஊராருடையது. முதலில் 5 டாலருக்கு ஒரு பங்கு விற்றது. 1935இல் கடன் நெருக்கடியிலிருந்து மீளவும், 1950இல் மீண்டும் காலூன்றவும், அதன்பின் அரங்கத்தைப் புதுப்பிக்கவும் என்று, 2021–22 வரை மொத்தம் 6 முறை பங்கு வெளியிட்டிருக்கிறது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. சந்தையில் விற்க முடியாது. எவரும் 2 லட்சம் பங்குக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பங்குதாரருக்கு வாக்கு உண்டு, ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு உண்டு, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் உண்டு. லாபம் இல்லாத பங்கு என்று கேலி செய்பவர்களுக்குப் புள்ளி வரியின் நுணுக்கம் விளங்கவில்லை என்றுதான் சொல்வேன். கிளப்பை விற்றால் தனக்குக் காசு வராது என்று தெரிந்த பங்குதாரருக்கு அதை வேற்றூருக்கு விற்கும் எண்ணமே எழுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் சியனா. இத்தாலியின் இந்தப் பழைய நகரம், எங்களைப் போலவே பணம் கொடுத்து வாங்கும் தொழிலில் பேர் எடுத்தது. அங்கே 1472இல் தொடங்கிய மோன்டே தெய் பாஸ்கி வங்கிதான் இன்றும் இயங்கும் வங்கிகளில் உலகிலேயே மூத்தது என்பார்கள். அந்த வங்கியின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய சியனா கூடைப்பந்துக் கிளப் 2007 முதல் 2013 வரை தொடர்ந்து 7 முறை இத்தாலியப் பட்டத்தைக் கைப்பற்றியது. வங்கியே தள்ளாடத் தொடங்கி ஆதரவைக் குறைத்ததும் கிளப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 2014இல் திவாலானது. கணக்கில் செய்த முறைகேடுகள் வெளிவந்தபின் கடைசி இரண்டு பட்டங்களும் பறிக்கப்பட்டன. ஒரே தூணில் நிற்கும் மண்டபத்துக்கு அந்தத் தூணின் விரிசலே தன் விரிசல்.

இதைச் செட்டிநாட்டில் சொல்லும்போது சற்றே கவனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எங்கள் ஊரின் பெருமையே தனிப் புரவலரின் பெருமை. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அப்படி ஒருவர் கிடைத்தால் போதுமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆய்வகத்துக்கு நிலமும் தொடக்க முதலும் கிடைத்தபின் அன்றாடச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. கூடைப்பந்துக் கிளப்புக்கு அப்படி ஏற்க எவரும் இல்லை. புரவலரின் கொடை பழைய பள்ளத்தை மூடப் பயன்படும். ஆண்டுத் துண்டுக்குப் புள்ளிகள்தான் வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய முயற்சியைத் தொடங்குவோர் சட்டத்தின் வேலியை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. "ஆளுக்கு 500 ரூபாய், ஒரு பங்கு" என்று 2,000 பேரிடம் அப்படியே வாங்கிவிட முடியாது. கம்பெனிகள் சட்டம், 2013இன்படி தனியார் கம்பெனி பொதுமக்களைப் பங்கு வாங்க அழைக்கக் கூடாது; தனிப்பட்ட முறையில் ஓராண்டில் 200 பேருக்கு மேல் பங்கு கொடுக்க முனைந்தால் அது பொது வெளியீடாகக் கருதப்பட்டு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் வந்து சேரும். கூட்டு நிதி மூலம் பங்கு விற்பது பற்றி 2014இல் செபி ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அது விதியாக உருவெடுக்கவில்லை. பங்கு வேண்டாம், கடனாக வாங்கிக்கொள்கிறோம் என்றால் 2019இன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். மொய் எழுதுவதுபோல் ஊரெல்லாம் வாங்கித் திருப்பித் தருகிறோம் என்று அறிவிப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும் வம்பில் கொண்டுபோய் விடும்.

எனவே ஊருடைமைக்கு எளிய உருவம் சங்கம்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் 7 பேர் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். சந்தா கட்டியவருக்கு வாக்கு, ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு என்று, கோயில் புள்ளிக்கு இருக்கும் உரிமைகளுக்கு நெருங்கிய வடிவம் அது. இதற்கு மாற்றாக, லாபத்தைப் பங்கிடாத 8ஆம் பிரிவுக் கம்பெனியும் அமைக்கலாம். வரிச் சலுகை உண்டு என்று துண்டறிக்கையில் போடுவதற்கு முன் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்று வழக்கில் அறியப்படுவது) கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. செட்டிநாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. உறவினரில் பாதிப்பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்; கேட்டவுடன் அனுப்பியும் விடுவார்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவது வேறு. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, அதற்கு அரசின் பதிவோ அனுமதியோ முன்கூட்டியே தேவை.

வசூலை நடத்தும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு விளையாட்டுப் போட்டிக்காகப் பணம் திரட்டியபோது, ஒட்டிய க்யூஆர் அட்டை ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனது. அவர் யோக்கியர்தான், ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆனால் அவருடைய மளிகைக் கடைப் பற்றும் போட்டி வரவும் ஒரே கணக்கில் கலந்து, பிரித்து எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது. கிளப் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, வாரத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் வரவு என்ற மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

அடுத்து, எழுதிக் கொடுத்த தொகைக்கும் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள வேறுபாடு. கூட்டத்தில் கை தூக்கியவர்கள் எல்லாரும் கவுன்ட்டருக்கு வரமாட்டார்கள். ஆகவே இரண்டையும் இரண்டு பத்திகளில் எழுதி, இரண்டாம் பத்தியை மட்டுமே கடன்காரரிடம் காட்ட வேண்டும். கெடுத் தேதியும் இலக்கும் முதல் நாளே அறிவிக்கப்பட வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 60 லட்சம் தேவைப்படும் இடத்தில் 22 லட்சம் மட்டும் சேர்ந்தால், அதைக் கிளப்புக்குள் போடுவது பழைய கடன்காரருக்குக் கொடுப்பதே தவிர, கிளப்பைக் காப்பது ஆகாது. எட்டினால் மட்டுமே பணம் கிளப்புக்குப் போகும், எட்டாவிட்டால் வந்த வழியே திரும்பும் என்ற ஏற்பாடு கொடுப்பவரின் தயக்கத்தைப் பெரிதும் குறைக்கும்.

கிளப்பே கலைந்துவிட்டால் மிச்சம் யாருக்கு என்பதும் விதிகளில் இருக்க வேண்டும். பேக்கர்ஸின் விதிப்படி, கிளப்பை விற்க நேர்ந்தால் வரும் பணம் பங்குதாரருக்குப் போகாது. அறப்பணிக்கான அதன் அறக்கட்டளைக்குப் போய்விடும்.

ஹாக்ஸின் மீதிக் கதையையும் மாணவர்களுக்குச் சொன்னேன். சில ஆண்டுகள் ஊருடைமையாக இருந்துவிட்டுத் தனியார் கைக்கு மாறிய அந்தக் கிளப், 2015இல் டைபான்ஸைப் போலவே நிர்வாகியிடம் போனது. மீண்டும் பிழைத்து, இல்லவாரா ஹாக்ஸ் என்று பெயர் மாறி, 2025இல் லீக் பட்டத்தை வென்றது. 2001க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் பட்டம் அது. "அப்போ 2009இல காசு போட்டவங்களுக்கு என்ன சார் கிடைச்சுது?" என்று அந்தப் பையன் விடாமல் கேட்டான். ஆடுவதற்கு 16 ஆண்டுகள் கிடைத்தன என்றேன். அவன் அதை ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டான். நான் பாடத்துக்குத் திரும்பினேன்.